இறால் குஞ்சுச் சோதனை: முடிவு வர எத்தனை நாள் ஆகும்?

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையில் நிலத்தை நம்பி வாழ்வோரும் உளர். நீரை நம்பி வாழ்வோரும் உளர். அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் படகுகள் கரை சேர்கின்றன. கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில், ஓதம் ஏறும்போது உவர்நீரை வாங்கிக் குட்டைகளில் இறால் வளர்க்கும் விவசாயிகளும் இருக்கின்றனர். நெல் சாகுபடி செய்பவர் விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே பதர் எது, மணி எது என்று சொல்லிவிடுவார். இறால் குஞ்சோ கண்ணாடித் துண்டு போல இருக்கும். அதற்குள்ளே நோய்க்கிருமி இருக்கிறதா, இல்லையா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல எவராலும் இயலாது. ஆகவேதான் குஞ்சு வாங்குமுன் சோதனைச் சாலையின் முடிவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

அச்சோதனையின் பெயர் பி.சி.ஆர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது இச்சொல் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிமுகமாகிவிட்டது. இறால் விவசாயிகளுக்கோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்த சொல் அது. எனினும் இன்றும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “முடிவு எப்போது வரும்?” “இயந்திரத்தில் வைத்தால் மூன்று மணி நேரம்” என்று சிலர் கூறுவர். அது பொய்யன்று, ஆனால் விவசாயிக்குப் பயன்படும் விடையும் அன்று. சரியான விடையைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளும் வழியை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இச்சோதனை ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலில் சிறிது கூறுவோம். 1990-க்குப் பின் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இறால் வளர்ப்பு வெகு வேகமாகப் பரவிற்று. அக்காலத்தில் வளர்த்தது வரி இறால். 1994–95-ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் நம் நாட்டில் தலைகாட்டியது. ஓட்டின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இறால் தீனி எடுக்காது. குட்டையின் ஓரத்தில் வந்து ஒதுங்கும். மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குட்டை முழுவதுமே அழிந்துபோவதும் உண்டு. கடன் வாங்கிக் குட்டை வெட்டியவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2005-ஆம் ஆண்டில் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தன. 2009-ஆம் ஆண்டு முதல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வனாமித் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்கு அனுப்புகின்றனர். இனம் மாறினும் வெண்புள்ளிக் கிருமி மாறவில்லை. வனாமியையும் அது விடுவதில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒவ்வோர் உயிருக்கும், வைரஸ் கிருமிக்கும் கூட, அதன் குலத்தைக் காட்டும் மரபுப்பொருள் உண்டு. வெண்புள்ளிக் கிருமியின் மரபுப்பொருள் டி.என்.ஏ. என்பது. ஒரு குஞ்சின் உடலில் அது மிகச் சிறு அளவில் இருந்தால் எக்கருவிக்கும் தென்படாது. அதைப் பெருக்கிக் காட்டுவதே பி.சி.ஆர். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் இம்முறையைக் கண்டார். 1993-இல் நோபல் பரிசும் பெற்றார். சோதனைக் குழாயை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரட்டைச் சரம் இரண்டாகப் பிரியும். 55 டிகிரி அளவுக்கு இறக்கினால், நாம் தேடும் கிருமிக்கென்றே செய்த சிறு துண்டுகள் அச்சரங்களில் சென்று ஒட்டும். 72 டிகிரிக்கு ஏற்றினால், அத்துண்டிலிருந்து தொடங்கிப் புதுச் சரம் வளரும். ஒன்று இரண்டாயிற்று. இவ்வாறு ஒரு சுற்று. அடுத்த சுற்றில் நான்கு, பிறகு எட்டு. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்லை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அதே கணக்குத்தான் இதுவும். முப்பது சுற்றில் ஒன்று 107 கோடியாகும். இவ்வளவு சூட்டிலும் கெடாமல் வேலை செய்யும் நொதி, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து முதலில் கிடைத்தது என்பது ஒரு சுவையான செய்தி.

இவ்வியந்திரம் எடுக்கும் நேரத்தைப் பள்ளி மாணவனும் கணக்கிடலாம். மூன்று வெப்பநிலைகளிலும் முப்பது முப்பது விநாடி நிற்பதாகக் கொள்வோம். ஆக 90 விநாடி. 95-லிருந்து 55-க்கு இறங்க 40 டிகிரி, 55-லிருந்து 72-க்கு ஏற 17 டிகிரி, 72-லிருந்து மீண்டும் 95-க்கு 23 டிகிரி. மொத்தம் 80 டிகிரிப் பயணம். விநாடிக்கு 2 டிகிரி வீதம் மாறும் இயந்திரமாயின் 40 விநாடி. ஒரு சுற்றுக்கு 130 விநாடி. 35 சுற்றுக்கு 4,550 விநாடி, அதாவது ஏறத்தாழ 76 நிமிஷம். தொடக்கத்தில் 5 நிமிஷமும் இறுதியில் 7 நிமிஷமும் கூட்டினால் 88 நிமிஷம். வெண்புள்ளிக் கிருமி மிகக் குறைவாக இருந்தாலும் தவறவிடாதிருக்கும் பொருட்டு, முதல் சுற்றுத் தொகுதியின் விளைவை எடுத்து இரண்டாம் முறையும் பெருக்குவது வழக்கம். அது 25 சுற்று என்று கொண்டால் மேலும் 66 நிமிஷம். இரண்டும் சேர்ந்து இரண்டரை மணிக்குச் சற்று மேல். “மூன்று மணி நேரம்” என்று கூறுவோர் இதைத்தான் கூறுகின்றனர்.

ஆனால் குழாய் இயந்திரத்துக்குள் போகுமுன்னும், வெளியே வந்த பின்னும் உள்ள வேலைகளே அதிகம். சமையலுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் உலையில் சோறு வேகும் நேரத்தை மட்டும் சொல்வதுண்டோ? அரிசி களைவதும் காய் நறுக்குவதும் சேர்ந்ததல்லவா சமையல்? ஓர் ஊழியரும் ஓர் உதவியாளரும் உள்ள சிறு சோதனைச் சாலையை மனத்தில் கொள்வோம். சுழற்சிக் கருவியில் 24 குழாய்க்கு இடம் இருக்கிறது. அதில் ஒன்று நோயற்றது என்று முன்னரே தெரிந்த இறாலுக்கு. மற்றொன்று நோயுற்றது என்று தெரிந்ததற்கு. இவ்விரண்டும் இல்லாமல் சோதனை நம்பத் தக்கதாகாது. எஞ்சிய 22 குழாய்களே விவசாயிகளின் மாதிரிகளுக்கு உரியவை.

காலை 10 மணிக்கு மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்ய அரை மணி. குஞ்சுகளை அரைத்து, சூடாக்கி, சுழற்றி, சாராயத்தால் டி.என்.ஏ.யைப் படிய வைத்துப் பிரித்தெடுக்க இரண்டு மணி. குஞ்சு சற்று வளர்ந்ததாயின் அதன் கண்களை நீக்கிவிட வேண்டும். இறாலின் கண்ணில் உள்ள பொருள் பி.சி.ஆர். வினையைத் தடுத்துவிடும். 150 குஞ்சுக்கு 300 கண் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஊழியரின் மீது நமக்கு இரக்கம் உண்டாகும்! பிறகு வினைப்பொருள்களைக் கலக்க அரை மணி. ஒரு மணிக்கு முதல் பெருக்கம். இரண்டரைக்கு அது முடியும். மீண்டும் கலக்க அரை மணி. மூன்று மணிக்கு இரண்டாம் பெருக்கம். நாலேகால் மணி அளவில் அகரோஸ் என்னும் கடற்பாசிக் கூழ்த் தகட்டில் அதை ஊற்றி மின்சாரம் பாய்ச்சி, கோடு விழுகிறதா என்று பார்க்க ஒரு மணி. சரிபார்த்து அறிக்கை எழுதும்போது மாலை ஆறு. காலை பத்திலிருந்து எட்டு மணி நேரம் ஆயிற்று. அதில் இயந்திரத்தின் பங்கு மூன்றில் ஒன்றே. தகடு இல்லாமலே முடிவு காட்டும் புதுவகை இயந்திரங்களில் சுமார் இரண்டு மணி மிச்சப்படலாம். எனினும் அரைக்கும் வேலையும் பிரிக்கும் வேலையும் அங்கும் குறைவதில்லை. கொரோனாக் கிருமியைப் போல ஆர்.என்.ஏ. உடையதாயின், அதை டி.என்.ஏ.யாக மாற்றும் வேலை ஒன்றும் கூடும். வெண்புள்ளிக் கிருமிக்கு அத்தொல்லை இல்லை.

ஆகவே இயந்திரத்தை ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் முடிவு பாதி நேரத்தில் வரும் என்று எண்ணுவது தவறு. இரண்டு கைகள் கூடினால்தான் எண்ணிக்கை கூடும். சோதனைச் சாலை அமைக்க வேண்டுமென்று மனுக் கொடுக்கும் ஊர்கள் இயந்திரத்தை மட்டும் கேட்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். பயிற்சி பெற்ற ஊழியரையும், தடையற்ற மின்சாரத்தையும், வினைப்பொருள்களைக் காக்கும் உறைபெட்டியையும் கேட்பதே முறை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தை அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல இருளில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. நடுவில் மின்சாரம் நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் பெருக்கம் வீணாகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி வரிசையில் காத்திருக்கும் நேரம். பெரும்பாலும் விவசாயியை ஏமாற்றுவது இதுவே. மேற்சொன்ன சோதனைச் சாலை நாளொன்றுக்கு 22 மாதிரி பார்க்கும். நாளும் 15 வந்தால் வந்த அன்றே முடிந்துவிடும். இருப்புச் செய்யும் பருவத்தில் நாளும் 30 வருவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 தேங்கும். ஆறு நாளில் 48 தேங்கிவிடும். அது இரண்டு நாள் வேலைக்கும் அதிகம். ஏழாம் நாள் வருபவரின் மாதிரி தொடப்படுவதற்கே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சோதனையின் நேரம் அதே எட்டு மணிதான். முடிவு வருவதோ மூன்றாம் அல்லது நான்காம் நாள். ஊழியர் சோம்பியிருந்தார் என்று குறை கூறுவதற்கு இதில் இடமே இல்லை. 2020-இன் தொடக்கத்தில் கொரோனா மாதிரிகள் புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்றதையும், பின்னர் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்திலும் பிற ஊர்களிலும் சோதனை தொடங்கியதையும் நாம் அறிவோம். சோதனை முறை அப்படியே இருக்க, வழியும் வரிசையும் குறைந்ததால் முடிவு விரைந்து வந்தது.

மாதிரி எத்தனை குஞ்சு என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. தொட்டியில் இலட்சக்கணக்கான குஞ்சுகள் இருக்கும். நூற்றுக்கு இரண்டு நோயுற்றவை என்று கொள்வோம். இருபது குஞ்சை மட்டும் எடுத்துச் சோதித்தால், நோயுற்ற ஒன்று கூட அகப்படாமல் போகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 150 எடுத்தால் அவ்வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் 150 என்ற எண் வழக்கிலுள்ளது. இருபது குஞ்சைப் பாட்டிலில் போட்டுக் கொண்டு சென்று, “நோய் இல்லை” என்ற சீட்டைப் பெற்று மகிழ்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்கிறார். 150 குஞ்சையும் சேர்த்தரைத்து ஒரே மாதிரியாகப் பார்க்கலாம். பல பங்காகப் பிரித்தும் பார்க்கலாம். பங்கு கூடினால் குழாயும் கூடும், செலவும் கூடும், நேரமும் கூடும். 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் குறைவாக உள்ள இடங்களில் ஐந்து பேர் வரையில் மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கலாம் என்று கூறியதும் இதே யுக்தியைக் கொண்டுதான்.

இப்போது விவசாயியின் நாட்கணக்கைப் பார்ப்போம். மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகம் ஒன்றில் குஞ்சு வாங்கிப் பரங்கிப்பேட்டையில் விட எண்ணும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். அவர் குட்டையை உழுது காயவைத்து, சுண்ணாம்பிட்டு, நீர் ஏற்றி, நிறம் கட்டி வைத்திருக்கிறார். நாள் தவறினால் நிறம் கலைந்துவிடும். பொரிப்பகத்தாரோ, “வேறு ஆள் காத்திருக்கிறார்; இன்றே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அவசரப்படுத்துவார். முடிவு வராமல் குஞ்சை விட்டுவிடும் தவறு இந்த இக்கட்டில்தான் நிகழ்கிறது. குஞ்சை விட்ட பிறகு, “நோய் உண்டு” என்ற சீட்டு வந்து என்ன பயன்? நீரில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆகவே நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். மாதிரி எடுப்பது முதல் நாள் மாலை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் சோதனைச் சாலையைச் சேர்ந்தால் அன்று மாலை முடிவு. பத்தரைக்குச் சேர்ந்தால் மறுநாள். மூன்றாம் நாள் பொரிப்பகத்தில் குஞ்சைக் கட்டி இரவில் ஏற்றி, நான்காம் நாள் விடியற்காலையில் குட்டையில் விடலாம். ஆக, யாவும் செம்மையாக நடந்தால் மூன்று நாள். பருவகாலத்து வரிசைக்கு இரண்டு நாள் சேர்க்க வேண்டும். நோயற்ற இறாலின் குழாயிலேயே கோடு விழுந்துவிட்டால் எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது அத்தொகுதி முழுவதையும் மறுமுறை செய்ய வேண்டும். அதற்கு ஒரு நாள். ஆறு நாள் ஆயிற்று. இடையில் ஞாயிறு வந்தால் ஏழு. பி.எல். 15 பருவத்தில் குஞ்சை விட நினைப்பவர் பி.எல். 8 பருவத்திலேயே மாதிரி எடுத்துவிட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். முன்பணம் கொடுக்கும்போதே, முடிவு வரும் வரையில் அத்தொட்டிக் குஞ்சை வேறு தொட்டியோடு கலப்பதில்லை என்றும், நோய் இருப்பின் பணத்தைத் திருப்பித் தருவதென்றும் எழுதி வாங்கிக் கொள்வது நலம். ஒரு தொட்டியின் சீட்டைக் காட்டி மற்றொரு தொட்டிக் குஞ்சை விற்பதும் சில இடங்களில் நடக்கிறது. எனவே மாதிரி எடுக்கும்போது விவசாயியோ அவர் நம்பும் ஒருவரோ உடனிருந்து தொட்டியின் எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

மாதிரியை அனுப்பும் முறையிலும் நேரம் அடங்கியிருக்கிறது. உயிர்க் குஞ்சாக அனுப்பினால் வழியில் இறந்து அழுகும், அழுகியதில் டி.என்.ஏ. சிதையும், முடிவு ஐயத்துக்கு இடமாகி மறுபடியும் மாதிரி கேட்பார்கள். 95 சதவீத எதனால் சாராயத்தில், குஞ்சு ஒரு பங்குக்குச் சாராயம் பத்துப் பங்கு என்ற அளவில் இட்டு அனுப்பினால் பனிக்கட்டி கூடத் தேவையில்லை. பார்மலின் ஆகாது. புட்டிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும்; பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். பெயர் அழிந்த புட்டியால் ஒரு வாரம் வீணாவதுண்டு.

இவ்விஷயத்தில் ஊராட்சி அங்கத்தினர்கள் செய்யக்கூடியது யாது? கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கங்களில் ஒரே வாய்க்காலில் நீர் எடுத்து அதிலேயே நீர் விடும் குட்டைகள் பல. ஒருவர் குட்டையில் நோய் வந்தால் அடுத்தவருக்கும் வரும். அவ்வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் ஒரே வாரத்தில் இருப்புச் செய்வதென்று கூடி முடிவு செய்தால், மாதிரிகளையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் அனுப்பலாம். பத்துப் பேர் பத்து முறை பஸ் ஏற வேண்டியதில்லை. சோதனைச் சாலைக்கும் முன்னதாகவே, “இன்ன நாளில் இத்தனை மாதிரி வரும்” என்று தெரிவித்தால் அவர்கள் அதற்கேற்ப ஆளும் பொருளும் ஆயத்தம் செய்வர். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 2007-ஆம் ஆண்டில் நிறுவிய தேசிய நிலையம் சிறு இறால் விவசாயிகளைச் சங்கங்களாகக் கூட்டியதன் நோக்கங்களுள் இத்தகைய கூட்டு வேலையும் ஒன்று. பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஐயம் கேட்க ஆள் இல்லை என்று இவ்வட்டாரத்தார் சொல்ல இயலாது.

நோய் இல்லை என்ற முடிவு வந்த பின்னும், குட்டையில் நண்டு புகுந்தால், வடிகட்டாத நீர் ஏறினால், பறவை செத்த இறாலைத் தூக்கி வந்து போட்டால், கிருமி வந்து சேரும். நண்டு வேலியும் பறவைக் கயிறும் வடிகட்டும் பையும் சோதனைக்கு மாற்றல்ல; சோதனையும் அவற்றுக்கு மாற்றல்ல.

வளரும் இறாலில் நோய்க் குறி தோன்றிச் சோதனைக்கு அனுப்பும்போது நாட்கணக்கு வேறாகிறது. நோய் பத்து நாளுக்குள் குட்டையை முடித்துவிடும். முடிவுக்கோ மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளும் வெளியேற்றும் மதகை மூடி வைக்க வேண்டும். செத்த இறாலை வாய்க்காலில் எறியாமல் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். அக்குட்டையில் இட்ட வலையை அடுத்த குட்டையில் இடலாகாது. நோய் என்று உறுதியானால், குளோரின் இட்டுக் கிருமியை அழித்த பிறகே நீரை வெளியே விட வேண்டும். ஒரு குட்டையில் ஐயம் தோன்றிய அன்றே அவ்வாய்க்காலில் நீர் எடுக்கும் அனைவருக்கும் செய்தி சொல்லிவிட்டால், அவர்கள் தம் மதகுகளை அடைத்துக் கொள்வார்கள். மதகை அடைக்க ஐந்து நிமிஷம் போதும்.